சேற்றுக்கடியில் எல்லைக்கல்: ஒரு டேப், மூன்று முக்கோணம்

கொல்லைக்கு வேலி போடலாம் என்று கல்காலும் முள்கம்பியும் விலை விசாரித்துவிட்டு வந்து, எல்லையை ஒரு சுற்றுச் சுற்றியபோதுதான் ஐந்து கல்லில் ஒன்றைக் காணோம் என்று தெரிந்தது. போன வருஷம் வாய்க்கால் தூர் வாரியபோது ஜேசிபி அள்ளிப் போட்ட சேறு கரையில் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து, காய்ந்து, அதன்மேல் காட்டாமணக்கும் சீமைக்கருவேலும் மண்டிவிட்டன. கல் அதற்கடியில் எங்கோ இருக்கிறது. ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்துவிட்டால் கரையில் கால் வைக்க முடியாது. அதற்குள் கல்லைக் கண்டுபிடித்து வேலியை முடிக்க வேண்டும். அந்த வேலையின் பதிவு இது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர்ப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் ஐந்து மூலை உள்ள கோணல் நிலம். கல்லுக்கெல்லாம் வீட்டில் பெயர் உண்டு. வடமேற்கில் கொட்டகைக் கல், வடகிழக்கில் வேம்படிக் கல், தென்கிழக்கில் மதகுக் கல், தென்மேற்கில் பனையடிக் கல். தெற்கே வாய்க்கால் லேசாக வெளியே வளைகிற இடத்தில் இருந்ததுதான் காணாமல் போன வாய்க்கால் கல். பனையடிக்கும் மதகுக்கும் நடுவில் கரை ஒடிகிற இடம்.

கையில் புலப்படம், அதாவது சர்வே இலாகா வரைந்த நில அளவுப் படம் இருந்தது. அதில் சுற்றெல்லையின் நீளம் மீட்டரில் போட்டிருக்கும்: பனையடியிலிருந்து வாய்க்கால் கல் 12.2, அங்கிருந்து மதகு 15.8, மதகிலிருந்து வேம்படி 20.4, வேம்படியிலிருந்து கொட்டகை 21.2, கொட்டகையிலிருந்து பனையடி 17.3. உள்ளே இரண்டு கோடு. வாய்க்கால் கல்லிலிருந்து கொட்டகைக்கு ஒன்று 20.8, வேம்படிக்கு ஒன்று 24.7. அந்த இரண்டு கோடும் நிலத்தை மூன்று முக்கோணமாக வெட்டுகின்றன. கோணம் எதுவும் படத்தில் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை.

ஏன் தேவையில்லை என்பதை என் மகளுக்குக் காட்டியதால் இந்த வேலையே எனக்குப் பிடித்துப்போனது. பள்ளியில் முக்கோணப் பாடத்துக்கு ப-ப-ப (பக்கம்-பக்கம்-பக்கம்) என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். விளக்குமாற்று ஈர்க்கில் மூன்று துண்டு ஒடித்து, சைக்கிள் வால்வ் டியூபைச் சின்னச் சின்னதாக நறுக்கி மூலைக்கு மூலை செருகிக் கொடுத்தேன். அமுக்கிப் பார்த்தாள், திருகிப் பார்த்தாள், முக்கோணம் அசையவில்லை. நாலு துண்டில் ஒரு சதுரம் செய்தாள். விரல் பட்டதும் அது சாய்ந்து சப்பையாகிவிட்டது. பக்கம் நாலும் அப்படியேதான் இருக்கிறது, உருவம் மட்டும் போய்விட்டது. பிறகு அவளாகவே 5, 7, 9 சென்டிமீட்டரில் ஒரு கோணல் முக்கோணம் செய்தாள். “அப்பா, இதுவும் அசைய மாட்டேங்குது!” என்றாள். பாடப் புத்தகத்தில் முக்கோணம் என்றாலே அழகாக உட்கார்ந்திருக்கிற சமபக்க முக்கோணத்தைப் பார்த்துப் பழகியதால், உறுதி என்பது அதன் தனிச்சொத்து என்று நினைத்திருக்கிறாள். மூன்று பக்கமும் வேறு வேறாக இருந்தாலும், நீளம் மூன்றும் முடிவாகிவிட்டால் கோணமும் முடிவாகிவிடும். அதனால்தான் வெறும் டேப்பை வைத்துக்கொண்டு நிலத்தைக் காகிதத்துக்கும் காகிதத்தை நிலத்துக்கும் கொண்டுபோக முடிகிறது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் முதல் நாள் தப்புப் பண்ணினேன்.

வாய்க்கால் கல்லுக்குப் பக்கத்தில் இருப்பது பனையடியும் மதகும்தானே, அங்கிருந்தே அளந்துவிடலாம் என்று இறங்கினேன். என்னிடம் இருந்தது 30 மீட்டர் பைபர் டேப், நுனி வளையம் பிய்ந்தது. பூஜ்யத்திலிருந்து பிடிக்க முடியாததால் ஒரு மீட்டர் கோட்டைக் கல்லின் மேல் வைத்துப் பிடிப்பது வழக்கம். அப்படிப் பிடித்தால் மறுமுனையில் ஒரு மீட்டர் கூட்டிப் படிக்க வேண்டும், இதை மறக்கவே கூடாது. பக்கத்து நிலத்துச் சித்தப்பா பனையடியில் டேப்பைப் பிடித்தார். நான் 13.2-இல் ஆணியைப் பிடித்துக்கொண்டு சேற்றுமேட்டில் ஒரு வில் கீறினேன். மதகிலிருந்து 16.8-இல் இன்னொரு வில். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கல் இருக்க வேண்டும்.

வில் இரண்டும் வெட்டவே இல்லை. ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொண்டன. முழங்கை நீளத்துக்கு இரண்டு கீறலும் ஒட்டியே ஓடின. எது வெட்டும் புள்ளி என்று நானே ஒரு குத்துமதிப்பில் முடிவு செய்து முளை அடித்தேன். இரண்டு மணி நேரம் தோண்டினோம். மூன்றடிப் பள்ளம், அடியில் பழைய செருப்பும் நத்தைக்கூடும்தான் இருந்தன.

“கல்ல எவனாவது பேத்துட்டுப் போயிருப்பான் தம்பி” என்றார் சித்தப்பா.

“இல்ல சித்தப்பா, அளவுதான் எங்கயோ இடிக்குது. நாளைக்குப் பார்ப்போம்.”

அன்று ராத்திரி இரண்டு கிராஃப் தாளை ஒட்டி, ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வரைந்தேன். பனையடிக்கும் மதகுக்கும் நேர்தூரம் 27.8 மீட்டர், அன்று சாயங்காலமே அளந்து வைத்திருந்தேன். 12.2-ஐயும் 15.8-ஐயும் கூட்டினால் 28.0. நேர்தூரத்தைவிட வெறும் 20 சென்டிமீட்டர்தான் அதிகம். அதாவது இந்த முக்கோணம் தட்டையாக நசுங்கிய அப்பளம். வாய்க்கால் கல்லில் கோணம் 166 பாகை, மற்ற இரண்டு மூலையிலும் 8, 6 பாகை. கல் நேர்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கும் என்று கணக்குப் போட்டால் 1.66 மீட்டர் வருகிறது.

இப்போது டேப்பில் பிழையை ஏற்றிப் பார்த்தேன். கருவேல முள் மேல் டேப் ஏறி இறங்கிப் போனதால் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு 10 சென்டிமீட்டர் வீணாகியிருக்கும் என்று வைத்துக்கொண்டால், அந்த 1.66 மீட்டர் சுமார் 1.17 ஆகச் சுருங்குகிறது. ஒரு சாணுக்கும் குறைவான பிழை, கல்லை ஒன்றரை அடிக்கு மேல் நகர்த்திவிட்டது! டேப்பில் பிழையே இல்லாவிட்டாலும் தப்ப முடியாது. என் கையில் இருக்கும் புலப்படத்தில் ஒரே ஒரு தசம இடம்தான் இருக்கிறது. 5 சென்டிமீட்டர் முன்பின் இருந்தாலே கல் 20 சென்டிமீட்டருக்கு மேல் ஓடிவிடும். நான் தோண்டிய பள்ளம் எங்கள் நிலத்துக்குள்ளேயே, வடக்கே விலகி விழுந்ததற்குக் காரணம் பிடிபட்டது.

அதே தாளில் கொட்டகைக் கல்லிலிருந்தும் வேம்படிக் கல்லிலிருந்தும் வில் வரைந்தேன். 20.8, 24.7, அடிப்பக்கம் 21.2. சமபக்கம் இல்லைதான், ஆனால் அதற்குப் பக்கத்தில் நிற்கிற முக்கோணம். கோணங்கள் ஏறத்தாழ 55, 72, 53. பென்சில் கோடு இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி சுத்தமாக வெட்டின. இங்கே டேப்பில் 10 சென்டிமீட்டர் தப்பினால் புள்ளியும் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர்தான் நகரும். பிழை பிழையாகவே இருக்கும், பெருகாது.

நில அளவை படித்தவர்களுக்கு இது முதல் பாடம். முக்கோணத்தில் எந்தக் கோணமும் 30 பாகைக்குக் கீழே போகக் கூடாது, 120-க்கு மேலேயும் போகக் கூடாது, சமபக்கத்துக்கு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நல்லது என்பார்கள். எங்கள் ஊருக்கும் இதற்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. இந்தியாவை முக்கோணங்களால் அளக்கத் தொடங்கிய ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னைப் பரங்கிமலைப் பக்கத்தில் சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்து, அதிலிருந்து முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாகக் கட்டிக்கொண்டு போனார். நல்ல முக்கோணம் வேண்டுமானால் மூன்று மூலையும் ஒன்றுக்கொன்று கண்ணில் பட வேண்டும். மேட்டு நிலத்தில் குன்றுமேல் ஏறிவிடலாம். இங்கே காவிரிப் படுகையில் குன்றுக்கு எங்கே போவது? கோயில் கோபுரங்களில் கருவியை ஏற்றினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் தியோடலைட் என்ற அரை டன் எடையுள்ள கோணம் அளக்கும் கருவியைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, கோணம் படிக்கும் வட்டம் நெளிந்துவிட்டது. லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் தட்டித் தட்டி அதை நேராக்கினார். முக்கோணம் சப்பையாகாமல் இருக்க அவ்வளவு பாடு. நான் இருநூறு வருஷம் கழித்து, அதே மண்ணில், பக்கத்தில் இருக்கிறதே என்று சப்பை முக்கோணத்தைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டாம் நாள் காலையில் முதல் வேலையாகக் கொட்டகைக்கும் வேம்படிக்கும் நடுவே அளந்தேன். 21.23 வந்தது. படத்தில் 21.2, ஆக இரண்டு கல்லும் இடம் மாறவில்லை. இதைச் சரிபார்க்காமல் மேலே போகக் கூடாது. அடிப்பக்கம் தப்பானால் மேலே எல்லாம் தப்பு. பிறகு டேப் போகும் வழியில் செடியை அரிவாளால் ஒதுக்கினேன், டேப்பை இழுத்துப் பிடித்து விறைப்பாக வைத்தோம். சேற்றுமேடு உயரமாக இருந்ததால் அங்கே டேப்பை மண்ணில் படுக்கவிடாமல் மட்டமாகப் பிடித்து, நுனியில் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வைத்தேன். சரிவில் அளந்தால் நீளம் கூடிக் காட்டும், படத்தில் இருப்பது மட்ட நீளம்.

வில் இரண்டும் இந்த முறை பளிச்சென்று வெட்டின. முளை அடித்தேன். முதல் நாள் பள்ளத்திலிருந்து தெற்கே ஒரு முழத் தூரம்.

கடப்பாரையை மெதுவாகத்தான் இறக்கினோம். மேலே ஒரு சாண் உலர்ந்த சேறு, பாளம் பாளமாகப் பெயர்ந்தது. அதற்குக் கீழே ஈரம், கறுப்பு, வேர் பின்னிய மண். ஒன்றரை அடி போனதும் ணங்கென்று ஒரு சத்தம். சித்தப்பா கடப்பாரையைப் போட்டுவிட்டுக் குந்தி உட்கார்ந்து கையால் மண்ணை வழித்தார். முதலில் ஒரு விளிம்பு தெரிந்தது, அப்புறம் மூலை. ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவியதும் நாலு மூலைத் தலையும், அதில் உளியால் கொத்திய கோடும் தெரிந்தன. முளைக்கும் கல்லின் நடுவுக்கும் 11 சென்டிமீட்டர். கல் சாயாமல் நேராக நின்றது.

அதோடு விடவில்லை. கல்லிலிருந்து பனையடி, மதகு இரண்டையும் அளந்து பார்த்தேன். 12.24, 15.77. கண்டுபிடிக்க உதவாத அதே இரண்டு நீளம் சரிபார்க்க உதவியது. யாரும் புதிதாகக் கல் ஊன்றவில்லை, சர்வேயர் நட்ட பழைய கல்லே கிடைத்தது என்பதால் வேலிக்குச் சித்தப்பாவும் நானும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. கல் கிடைத்திருக்காவிட்டால், நம் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், மனுப் போட்டுச் சர்வேயரை வரவழைத்துத்தான் ஊன்ற வேண்டும். இதை யாரும் தானாகச் செய்துவிடாதீர்கள்.

கல் கிடைத்த சந்தோஷத்தில் பரப்பையும் போட்டேன். கோணல் முக்கோணத்துக்கு உயரம் தேடி அலைய வேண்டாம், ஹெரான் சூத்திரம் போதும். நடு முக்கோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 20.8, 24.7, 21.2. மூன்றையும் கூட்டினால் 66.7, பாதி 33.35. அந்தப் பாதியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 12.55, 8.65, 12.15. நாலு எண்ணையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 209.7 சதுர மீட்டர். மேற்கு முக்கோணம் 105.5, கிழக்கு முக்கோணம் 160.6. மொத்தம் 475.8. பட்டாவில் 4.76 ஏர்ஸ் என்று இருக்கிறது, அதாவது 476 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் பதினொன்றே முக்கால் சென்ட்.

வேலிக்காரர் முதல் நாள் வேறு மாதிரி கணக்குப் போட்டிருந்தார். எதிரெதிர்ப் பக்கத்தைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டையும் பெருக்குவது. ஊரில் மனை விற்பவர்கள் வாங்குபவர்கள் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். இது ரொம்பப் பழைய வழி. பிரம்மகுப்தர் 628-இலேயே இதைக் குத்துமதிப்புப் பரப்பு என்று தனியாகப் பிரித்து வைத்துவிட்டார். நாலு பக்க நிலம் சரியான செவ்வகமாக இல்லையென்றால் இந்த வழி எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும், குறைத்துக் காட்டவே காட்டாது. மனை வாங்குகிறவர் யோசிக்க வேண்டிய விஷயம் இது, கூடுதல் சதுர அடிக்குக் காசு கொடுப்பவர் அவர்தான். எங்கள் நிலத்தில் வாய்க்கால் பக்கத்து ஒடிவை வேலிக்காரர் கணக்கில் விட்டுவிட்டதால் ஒரு தப்பு கூட்டி, இன்னொரு தப்பு குறைத்து, கடைசியில் 464 சதுர மீட்டர் வந்தது. கிட்டத்தட்டச் சரியாக இருக்கிறதே என்று ஏமாந்திருப்பேன். மூலைவிட்டம் ஒன்றை அளந்து இரண்டு முக்கோணமாக்க ஐந்து நிமிஷம் ஆகுமா?

வேலி வேலை சீக்கிரம் முடிந்தது. சுற்று 86.9 மீட்டர், 285 அடி. எட்டடிக்கு ஒரு கால் வீதம் 36 கல்கால். ஏழடிக் கால், இரண்டடி மண்ணுக்குள். மூலைக் கால்களுக்கு மட்டும் முட்டுக் கல் வைத்தோம், கம்பி போகும் இரண்டு திசையிலும் ஒவ்வொன்று. நாலடி உயரத்தில் சாய்ந்து, காலிலிருந்து மூன்றடி தள்ளித் தரையைத் தொடுகிற மாதிரி. முட்டு, கால், தரை மூன்றும் சேர்ந்து 3, 4, 5 முக்கோணம். வாய்க்கால் கல் பக்கம் ஒரே முட்டுதான். 166 பாகை ஒடிவில் கம்பி உள்பக்கமாக லேசாகத்தான் இழுக்கும். கல்காலை எல்லைக்கல்லின் மேலே நடாமல் முக்கால் அடி உள்ளே தள்ளி நட்டோம், கல் எப்போதும் கண்ணில் பட வேண்டும்.

கடைசியாகப் படல். பழைய மரப் படல்தான், நாலுக்கு நாலு அடிச் சட்டம், கொண்டிப் பக்கம் மூன்று அங்குலம் தொங்கி, திறக்கும்போதெல்லாம் தரையில் அரைவட்டமாக உழுதுவைத்திருந்தது. மூலைவிட்டம் இரண்டையும் அளந்தேன். ஒன்று 5 அடி 10 அங்குலம், இன்னொன்று 5 அடி 5¾ அங்குலம். மகளின் ஈர்க்குச் சதுரம் போலத்தான் இதுவும் சாய்ந்திருக்கிறது.

பெரியப்பா பழைய தச்சர். மூலைவிட்டத்துக்கு அவர் கையில் ஒரு வாய்க்கணக்கு உண்டு: பெரிய பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைத் தள்ளு, சின்னப் பக்கத்தில் பாதியைச் சேர். மூன்றடிக்கு நாலடி என்றால் மூன்றரையும் ஒன்றரையும் ஐந்து, அச்சு அசலாக வரும். ஐந்துக்குப் பன்னிரண்டு என்றால் பதின்மூன்று, அதுவும் சரி. அந்த நம்பிக்கையில் நாலுக்கு நாலுக்கும் மூன்றரையும் இரண்டும் ஐந்தரை என்று சொல்லி குறுக்கே அடிக்கிற ரீப்பர் கட்டையை 5½ அடிக்கு அறுத்துவிட்டார். கீல் பக்கத்துக் கீழ்மூலையிலிருந்து கொண்டிப் பக்கத்து மேல்மூலைக்கு வைத்தோம். கொஞ்சமும் இடைவெளி இல்லாமல் பொருந்தியது, ஆணி அடித்தோம். படல் கல் மாதிரி இறுகிவிட்டது, தொங்கினபடியே!

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு டேப்பை எடுத்ததும் புரிந்தது. நாலடிச் சதுரத்துக்கு உண்மையான மூலைவிட்டம் 5 அடி 7 அங்குலம் 7 நூல் (எட்டு நூல் ஒரு அங்குலம்). அந்த வாய்க்கணக்கு ஒரு பக்கம் நீண்டும் ஒரு பக்கம் குறுகியும் இருந்தால்தான் நெருங்கி வரும், சதுரத்தில் ஏறத்தாழ இரண்டு அங்குலம் குறைத்துக் காட்டும். அப்படிக் குறைந்த நீளம், தொங்கிப் போன படலின் குறுக்கு அளவோடு தற்செயலாக ஒத்துப்போய்விட்டது. முக்கோணத்துக்குச் சரி தப்பு தெரியாது. கோணலாகக் கொடுத்தால் கோணலை அப்படியே பூட்டிவிடும்.

“கணக்க மாத்தாத, படலத் தூக்கு” என்றார் பெரியப்பா, ஆணியைப் பிடுங்கிக்கொண்டே.

கொண்டிப் பக்கத்துக்கு அடியில் இரண்டு செங்கல்லும் ஒரு ஆப்பும் கொடுத்துத் தட்டித் தட்டி ஏற்றினோம். மூலைவிட்டம் இரண்டும் ஒரே அளவு காட்டுகிற வரைக்கும் ஏற்ற வேண்டும். மூலை மட்டம் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை. சமமானதும், சட்டத்தின் மேலேயே புது ரீப்பரை வைத்து அங்கேயே கோடு போட்டு அறுத்தார். இரண்டு முனையிலும் சட்டத்தின் மூலைக்குள் பதிகிற மாதிரி கூராகச் சீவி, ஆணிக்குப் பதில் திருகாணி போட்டோம். ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். குறுக்கே வைப்பது மரம் என்றால் கீல் பக்கம் கீழ்மூலை, கொண்டிப் பக்கம் மேல்மூலை, அந்தத் திசையில்தான் வைக்க வேண்டும், பாரம் அதை அமுக்கும், மரம் தாங்கும். கம்பி கட்டுவதானால் எதிர்த்திசை, கீல் பக்கம் மேல்மூலை, கொண்டிப் பக்கம் கீழ்மூலை. கம்பிக்கு இழுவைதான் தாங்கும். மாற்றிக் கட்டினால் கம்பி தொளதொளவென்று ஆடிக்கொண்டு கிடக்கும்.

செங்கல்லை உருவியதும் படல் தரையிலிருந்து இரண்டு அங்குலம் மேலேயே நின்றது. மகள் வந்து கொண்டியில் தொங்கிப் பார்த்தாள், இறங்கவில்லை. இப்போது அதில் இரண்டு முக்கோணம் இருக்கிறது என்று எண்ணிச் சொன்னாள். இரண்டும் இருசமபக்கம்.

ஜூன் முதல் வாரத்தில் வாய்க்கால் கல்லைச் சுற்றிச் சேற்றை வெட்டி ஒதுக்கிவிட்டு, தலையில் சிவப்புப் பெயின்ட் அடித்தேன். அடுத்த முறை தூர் வாரும்போது மறுபடி மூடினாலும் தேட வேண்டாம். கொட்டகைச் சுவரின் உள்பக்கம், மழை படாத இடத்தில், கரியால் எழுதி வைத்திருக்கிறேன்: “வாய்க்கால் கல் — கொட்டகைக் கல்லிலிருந்து 20.8, வேம்படிக் கல்லிலிருந்து 24.7. பனையடியிலிருந்து அளக்காதே.”